முகமூடி, டபுள் ஆக்‌ஷன், பபூன் காமெடி: புதுக்கோட்டை பி.யு.சின்னப்பாவை ஏன் இன்னும் பேசணும்?

ஸ்பை படம் என்றால் நமக்கு ஒரு ஃபார்முலா மனப்பாடம். ஹீரோ மாறுவேடத்தில் எதிரியின் இடத்துக்குள் நுழைவார். முகத்திலிருந்து முகமூடியை உரித்து எடுத்தால் உள்ளே வேறொருவர் இருப்பார். தமிழ்ப் படமாக இருந்தால் கூடுதலாக ஒரு டபுள் ஆக்‌ஷன்: அப்பாவும் மகனும் ஒரே முகம், அல்லது அண்ணன் தம்பி ஒரே முகம். 2022-ல் வந்த 'சர்தார்' படத்தில் கார்த்தி செய்தது இதைத்தான். அதில் அப்பா வேடம் ஒரு நாடக நடிகர். வேடம் கட்டத் தெரிந்தவர் என்பதால்தான் அவர் உளவாளி ஆகிறார்.

ஸ்டாண்ட்-அப் காமெடியும் இப்போது எல்லோர் போனிலும் ஓடுகிறது. ஒருவர் மைக் முன் நின்று அன்றைய செய்தியைக் கலாய்க்கிறார். ஹீரோக்களைக் கார்ட்டூன் ஆக்கி ஓட்டும் அனிமேஷன் ஸ்பூஃப்களும் குறைவில்லாமல் வருகின்றன. மூன்றையும் பார்த்தால் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய சரக்கு மாதிரிதான் தோன்றும்.

ஆனால் மாறுவேடம், மேடைக் கேலி, கேமரா வித்தை என்கிற இந்த மூன்றும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் சந்தித்த கதை ஒன்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. ஆள் புதுக்கோட்டைக்காரர். தமிழ் சினிமாவின் முதல் இரட்டை வேட ஹீரோ என்று சினிமா வரலாற்றில் பெயர் பதித்தவர். 35 வயதில் இறந்துபோனவர். பெயர் பி.யு.சின்னப்பா.

யார் இந்த சின்னப்பா?

பி.யு. என்பது புதுக்கோட்டை உலகநாதன். ஊர்ப் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்த இனிஷியல். 1916 மே 5-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்போது புதுக்கோட்டை பிரிட்டிஷ் மாவட்டம் கிடையாது, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் அது இந்திய யூனியனோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது. தனி மாவட்டம் ஆனது 1974-ல்.

அப்பா உலகநாத பிள்ளை நாடக நடிகர். பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் மனசு நிற்கவில்லை. பாட்டு, குஸ்தி, சிலம்பம் என்றால் ஓடுவான். வீட்டில் வசதி இல்லை. கயிறு திரிக்கும் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தான். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வீட்டுப் பையனுக்குக் குரல் நன்றாக இருந்தால் ஒரு வழி திறந்திருந்தது. அதுதான் பாய்ஸ் கம்பெனி.

பாய்ஸ் கம்பெனி என்றால் என்ன?

முழுக்கச் சிறுவர்களை வைத்து நடத்தப்பட்ட நாடகக் குழு. பையன்கள் கம்பெனி வீட்டிலேயே தங்க வேண்டும். சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் அங்கேதான். வாத்தியார் வசனம் சொல்லித் தருவார், பாட்டுச் சொல்லித் தருவார், தப்பினால் அடியும் உண்டு. சம்பளம் சொற்பம். ஊர் ஊராகப் போய்க் கொட்டகை போட்டு, ராத்திரி முழுக்க நாடகம்.

சின்னப்பா முதலில் சேர்ந்தது தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. பிறகு மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு மாறினார். அங்கே அவரோடு இருந்தவர்களில் ஒருவர், பிற்காலத்தில் தமிழ்நாட்டின் முதல்வரான எம்.ஜி.ஆர். பையன்களுக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர்களில் முக்கியமானவர் காளி என்.ரத்தினம். பிறகு சினிமாவில் பெரிய காமெடி நடிகராகப் பெயர் வாங்கியவர்.

நாடகத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு 'பார்ட்' உண்டு. ராஜபார்ட் என்றால் ராஜா, ஹீரோ. ஸ்திரீபார்ட் என்றால் பெண் வேடம், அதையும் பையன்களே கட்டுவார்கள். கள்ளபார்ட் என்றால் இருட்டில் வந்து வேடம் மாற்றி ஏமாற்றித் திருடும் ஆள். பபூன் என்றால் கோமாளி.

இந்தக் கடைசி இரண்டையும் கவனியுங்கள். கள்ளபார்ட்காரன் செய்யும் வேலைக்கும் இன்றைய ஸ்பை ஹீரோ செய்யும் வேலைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மாறுவேடம் போடுகிறான், பூட்டை உடைத்து உள்ளே நுழைகிறான், அகப்படாமல் தப்புகிறான். பபூனுடைய வேலையோ கிட்டத்தட்ட ஸ்டாண்ட்-அப். கதையை நிறுத்திவிட்டு நேராக ஜனங்களைப் பார்த்துப் பேசுவான். அந்த ஊர் மைனர், கடன் தராத செட்டியார், புதிதாக வந்த வரி எல்லாம் அவன் வாயில் விழும். ராஜபார்ட் உருகி உருகிப் பாடி முடித்த பாட்டை, அடுத்த நிமிடமே அதே மெட்டில் கேலியாகப் பாடி கொட்டகையைச் சிரிக்க வைப்பான். இன்றைக்கு நாம் ஸ்பூஃப் என்று சொல்வதும் அதேதான்.

மதுரை, புதுக்கோட்டை, காரைக்குடி வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இன்னமும் ஸ்பெஷல் நாடகம் நடக்கிறது. 'வள்ளி திருமணம்' போட்டால், வள்ளியும் முருகனும் வருவதற்கு முன்பே பபூன் வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மேடையைப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

குரல் உடைந்தபோது என்ன ஆச்சு?

சின்னப்பாவின் குரல் கம்பெனிக்குச் சொத்தாக இருந்தது. சம்பளமும் ஏறியது. ராஜபார்ட் வேடங்கள் வந்தன. அவர் பாட்டுக்காகவே டிக்கெட் வாங்குகிறவர்கள் இருந்தார்கள்.

பிறகு, எல்லாப் பையன்களுக்கும் வருவது அவருக்கும் வந்தது. நாடகக்காரர்கள் இதை மகரக்கட்டு என்பார்கள். பதின்ம வயதில் குரல் உடைந்து கரகரப்பாகும் பருவம். மற்ற வீட்டுப் பையனுக்கு இது மீசை முளைப்பது மாதிரி ஒரு சாதாரண விஷயம். பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு இது வேலை போகிற விஷயம். மைக் இல்லாத காலம். கடைசி வரிசை வரை சுருதி சுத்தமாகக் கேட்கும் குரல் இருந்தால்தான் ராஜபார்ட். இல்லை என்றால் அடுத்த பையன் தயாராக நிற்பான்.

சின்னப்பா கம்பெனியை விட்டு ஊர் திரும்பினார். இங்கேதான் அவர் கதை மற்ற பல பையன்களின் கதையிலிருந்து பிரிகிறது. அவர் இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தார். ஒன்று, பாகவதர்களிடம் முறையாகச் சங்கீதம் கற்றார். அதுவரை பாடியது கேள்வி ஞானம், இனிமேல் பாடுவது கற்ற ஞானம். இரண்டாவது, உடம்பை வளர்த்தார். சிலம்பம், குஸ்தி, பாரம் தூக்குதல் என எல்லாவற்றிலும் இறங்கினார். பஜனைகளில் பாடிப் பாடிக் குரல் மெல்லத் திரும்பி வந்தது. முன்பு இருந்த மெல்லிய சிறுவன் குரல் போய், கனமான ஆண் குரலாக வந்தது.

இதை ஏன் இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறோம் என்றால், அந்தக் காலத்து ஹீரோக்களில் நன்றாகப் பாடுகிறவர்கள் இருந்தார்கள், சண்டை போடுகிறவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒரே உடம்பில் கிடைப்பது அபூர்வம். சின்னப்பா பாட்டும் பாடுவார், டூப் வைக்காமல் கத்தியும் சுற்றுவார். பிற்காலத்தில் ஒரே படத்தில் நல்லவன், கெட்டவன் என்று இரண்டு ஆளாக நிற்க அவருக்கு இது கைகொடுத்தது.

முதல் படமே ஒரு துப்பறியும் கதை

1936-ல் வந்த 'சந்திரகாந்தா'தான் சின்னப்பாவின் முதல் படம். இயக்கியவர் பி.கே.ராஜா சாண்டோ, மௌனப் படக் காலத்திலிருந்தே புகழ்பெற்றவர், அவரும் புதுக்கோட்டைக்காரர்தான். கதை, ஜே.ஆர்.ரங்கராஜு எழுதிய துப்பறியும் நாவல்.

ரங்கராஜு யார் என்று தெரிந்துகொள்வது நல்லது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழில் துப்பறியும் நாவல்களைப் பரபரப்பாக விற்க வைத்தவர்களில் ஒருவர். துப்பறியும் கோவிந்தன் என்ற பாத்திரத்தை உருவாக்கியவர். லண்டனில் ஷெர்லாக் ஹோம்ஸ் மாதிரி, இங்கே கோவிந்தன். நாவல்கள் நாடகமாகவும் மேடையேறின.

'சந்திரகாந்தா'வின் காரம் அதன் கேலியில் இருந்தது. பக்தி வேடம் போட்டுக்கொண்டு தப்புக் காரியம் செய்யும் ஒரு மடாதிபதிதான் அதில் குறி. அந்தப் பண்டார சந்நிதி வேடத்தை மேடையிலும் படத்திலும் செய்து பெயர் வாங்கியவர், நாம் முன்பு பார்த்த காளி என்.ரத்தினம். சின்னப்பாவுக்கு இளவரசன் வேடம். அவர் பாட்டு கவனம் பெற்றது.

இங்கே ஒரு விஷயம். இன்றைக்கு ஒரு காமெடியன் சாமியார் யாரையாவது கலாய்த்தால் அடுத்த நாள் புகார், மன்னிப்பு, ஷோ ரத்து என்று போகிறது. 1936-ல், புராணப் படங்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு தமிழ்ப் படம் மடாதிபதியை வைத்துக் காமெடி செய்திருக்கிறது. துப்பறியும் கதை என்கிற வடிவம் அதற்குத் தோதாக இருந்தது. மறைந்திருப்பதை வெளியே இழுப்பதுதான் துப்பறிவாளனின் தொழில். போலி வேடத்தைக் கலைப்பதுதான் கேலிக்காரனின் தொழிலும். இரண்டும் ஒரே கதைக்குள் இயல்பாகப் பொருந்திவிட்டன.

வாய்ப்பு வற்றிய நாட்கள்

முதல் படத்துக்குப் பிறகு 'ராஜமோகன்', 'பஞ்சாப் கேசரி', 'அனாதைப் பெண்', 'யயாதி', 'மாத்ரு பூமி' என்று படங்கள் வந்தன. ஆனால் பெரிய இடம் கிடைக்கவில்லை. ஒரு கட்டத்தில் வாய்ப்புகள் நின்றுபோயின. சின்னப்பா மறுபடி புதுக்கோட்டைக்கே வந்து சேர்ந்தார்.

இந்த நாட்களில் அவர் மௌன விரதம் இருந்தார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்வதுண்டு. சாமியாராகப் போய்விடலாம் என்று யோசித்தார் என்றும் சொல்வார்கள். ஒரு தடவை குரல் போய் வேலை போனது, இன்னொரு தடவை குரல் இருந்தும் வேலை போனது. இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதுக்குள் இரண்டு தடவை முடிந்துபோன கேரியர்.

அவரை அங்கிருந்து மீட்டு எடுத்தது சேலத்திலிருந்து வந்த அழைப்பு. அழைத்தவர் டி.ஆர்.சுந்தரம்.

உத்தம புத்திரன்: முகமூடிக்குள் தம்பி

சேலத்தில் ஏற்காடு மலை அடிவாரத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவை நடத்திய சுந்தரம், நேரத்துக்குப் படப்பிடிப்பு, கண்டிப்பான கணக்கு என்று பெயர் எடுத்தவர். இங்கிலாந்தில் படித்து வந்தவர். ஹாலிவுட்டில் என்ன ஓடுகிறது என்று கவனித்துக்கொண்டே இருப்பார்.

பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் நாவலில், ராஜாவைப் போலவே முகம் கொண்ட ஒருவனை இரும்பு முகமூடி மாட்டிச் சிறையில் அடைத்து வைக்கும் கதை உண்டு. அதை வைத்து ஹாலிவுட்டில் 1939-ல் ஒரு படம் வந்தது. அடுத்த வருடமே, 1940-ல், சுந்தரம் அதே கருவைத் தமிழில் 'உத்தம புத்திரன்' என்று எடுத்தார். இரட்டையர்களில் ஒருவன் கொடுங்கோலன், இன்னொருவன் நல்லவன். இரண்டுமே சின்னப்பா. ஜோடி எம்.வி.ராஜம்மா. காமெடிக்கு என்.எஸ்.கிருஷ்ணன், டி.ஏ.மதுரம்.

படம் பெரிய வெற்றி. தமிழில் இரட்டை வேடம் என்ற பழக்கமே இங்கிருந்துதான் தொடங்கியது என்று சினிமா வரலாற்றுக்காரர்கள் குறிப்பிடுவார்கள். கொஞ்ச காலம் முன்பு வரை ஒரு வேடமும் கிடைக்காமல் ஊரில் உட்கார்ந்திருந்த ஆள், ஒரே படத்தில் இரண்டு ஹீரோவாக வந்து நின்றார்.

கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரே ஆளை இரண்டாகக் காட்டியது எப்படி?

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க இருந்த வழி இதுதான். கேமராவை அசையாமல் பூட்டிவிடுவார்கள். லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைப்பார்கள். நடிகர் மறைக்காத பக்கத்தில் நின்று ஒரு வேடத்துக்கு நடிப்பார். பிறகு ஃபிலிமை எடுத்த இடம் வரைக்கும் பின்னால் சுற்றுவார்கள். இப்போது ஏற்கெனவே எடுத்த பாதியை மறைத்துவிட்டு மறுபாதியைத் திறப்பார்கள். நடிகர் உடை மாற்றிக்கொண்டு வந்து, அந்தப் பக்கம் நின்று அடுத்த வேடத்துக்கு நடிப்பார். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பார்கள்.

கேட்க எளிது. செய்யும்போது பல இடங்களில் சறுக்கும். கேமரா ஒரு நூல் அசைந்தால் நடுவில் கோடு விழும். நடிகர் நடுக்கோட்டைத் தாண்டிக் கை நீட்டினால் கை காணாமல் போய்விடும். எதிரே யாரும் இல்லாத வெற்றிடத்தைப் பார்த்து, அங்கே தானே நிற்பதாக நினைத்து, சரியான நேரத்தில் பதில் வசனம் சொல்ல வேண்டும். எடுத்ததை உடனே போட்டுப் பார்க்க மானிட்டரும் கிடையாது. தப்பு நடந்திருந்தால் லேபிலிருந்து வந்த பிறகுதான் தெரியும்.

இங்கேதான் பாய்ஸ் கம்பெனிப் பயிற்சி உதவியிருக்க வேண்டும். மேடையில் அடி அளந்து நின்று பழகிய உடம்பு. வசனத்தின் தாளத்தை மனசுக்குள் எண்ணிப் பழகிய ஆள். வித்தை கேமராவுடையது என்றாலும், அதை நம்ப வைத்தது நடிகரின் கணக்கு.

ஒரே காட்சியில் ஐந்து சின்னப்பா

1944-ல் 'ஜகதலபிரதாபன்' வந்தது. பக்ஷிராஜா ஸ்டூடியோவின் எஸ்.எம்.ஸ்ரீராமுலு நாயுடு இயக்கிய மாயாஜாலப் படம். அதில் ஒரு கச்சேரிக் காட்சி. நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர் சின்னப்பா. மிருதங்கம் வாசிக்கிறவரும் சின்னப்பா. மற்ற பக்கவாத்தியக்காரர்களும் அவரே. மொத்தம் ஐந்து பேர்.

ஒரே ஆளைப் பல ஆளாகக் காட்டும் இந்த விளையாட்டை உலக சினிமாவில் ஆரம்பித்து வைத்தவர் பிரான்ஸ் நாட்டு மேஜிக் நிபுணர் ஜார்ஜ் மெலியஸ். 1900-லேயே தன்னையே ஏழு பேராக்கி ஒரு வாத்தியக் குழுவைப் படம் பிடித்தார். அனிமேஷனும் இதற்குச் சொந்தக்காரத் தொழில்தான். இரண்டிலுமே கேமராவை நிறுத்தி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து, இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுகிறார்கள்.

ஆனால் சின்னப்பாவின் காட்சியில் ஓர் உள்ளூர் விஷயம் சேர்ந்திருக்கிறது. புதுக்கோட்டை தாளத்துக்குப் பேர் போன ஊர். கஞ்சிராவைக் கர்நாடக சங்கீத மேடைக்குக் கொண்டுவந்த மான்பூண்டியா பிள்ளையும், அவர் சிஷ்யர் தட்சிணாமூர்த்தி பிள்ளையும் அந்த ஊர்க்காரர்கள். அந்த ஊரில் வளர்ந்து, சங்கீதம் கற்ற ஒருவர், பாடகராகவும் பக்கவாத்தியமாகவும் திரையில் உட்காரும்போது கை சும்மா தட்டாது. தாளம் தெரிந்த கை என்பது பார்க்கிறவர்களுக்குப் புரியும். பாடியதும் அவரேதான்.

இதே யோசனையை 1965-ல் 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜி கணேசன் செய்தபோது தமிழ்நாடே கைதட்டியது. இன்றைய தலைமுறைக்கு அந்தக் காட்சி தெரியும். இருபத்தொரு வருடத்துக்கு முன்பே வந்த சின்னப்பாவின் காட்சி அவ்வளவாகத் தெரியாது.

பாகவதர் ரசிகரா, சின்னப்பா ரசிகரா?

1940-களில் தமிழ்நாட்டில் இது பெரிய கேள்வி. ஒரு பக்கம் எம்.கே.தியாகராஜ பாகவதர், இன்னொரு பக்கம் சின்னப்பா. டீக்கடையிலும் கொட்டகை வாசலிலும் இரு தரப்பு ரசிகர்களும் மோதிக்கொள்வார்கள். எம்.ஜி.ஆர்–சிவாஜி, ரஜினி–கமல், விஜய்–அஜித் என்று நீளும் வரிசைக்கு இதுதான் தலை.

பாகவதருக்குக் குரலும் தோற்றமும். சின்னப்பாவுக்குக் குரலோடு நடிப்பும் சண்டையும். 'ஆர்யமாலா'வில் (1941) காத்தவராயன், 'கண்ணகி'யில் (1942) பி.கண்ணாம்பாவுக்கு ஜோடியாகக் கோவலன், சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தழுவிய 'மனோன்மணி' (1942) என்று அடுத்தடுத்துப் படங்கள். 'பிருத்விராஜன்' (1942) படத்தில் உடன் நடித்த ஏ.சகுந்தலாவை மணந்துகொண்டார்.

1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1947-ல் விடுதலை ஆகும்வரை இருவரும் சிறையில். தமிழ் சினிமாவின் பெரிய பாடகரும் பெரிய காமெடியனும் ஒரே நேரத்தில் காணாமல் போனார்கள். களத்தில் மிச்சம் இருந்த பெரிய நட்சத்திரம் சின்னப்பா. 1949-ல் 'மங்கையர்க்கரசி' வந்தபோது இரட்டை வேடம் மூன்று வேடமாக வளர்ந்திருந்தது. அதே வருடம் வந்த 'ரத்னகுமார்' படத்தில் சின்னப்பா ஹீரோ, சின்ன வேடத்தில் வந்தவர் பழைய பாய்ஸ் கம்பெனி நண்பர் எம்.ஜி.ஆர்.

ஊரெல்லாம் வீடு வாங்கினாரா?

புதுக்கோட்டையில் சின்னப்பா என்றால் பெரியவர்கள் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். சினிமாவில் சம்பாதித்த பணத்தையெல்லாம் கொண்டுவந்து ஊரில் வீடு வீடாக வாங்கினார். இப்படியே போனால் ஊரே இவருடையதாகிவிடும் என்று, இனி இவருக்கு யாரும் வீடு விற்கக் கூடாது என மன்னரே உத்தரவு போட்டார் என்பார்கள். நூற்றுக்கு மேல் வீடு என்று எண்ணிக்கையும் சொல்வார்கள். வாய்வழிக் கதை என்பதால் எண்ணிக்கை சொல்கிறவரைப் பொறுத்து மாறும்.

இதைப் பணத் திமிர் என்று சிரித்துக் கடப்பது சுலபம். ஆனால் அவர் வாழ்க்கையை வரிசையாகப் பார்த்துவிட்டு வந்தால் வேறு மாதிரியும் தோன்றும். கயிறு திரித்த பையன். குரல் உடைந்த அன்றே சம்பளம் போன பையன். படம் நடித்தும் வாய்ப்பு நின்றுபோய் வீட்டில் உட்கார்ந்த இளைஞன். பி.எஃப், இன்ஷூரன்ஸ், ராயல்டி எதுவும் இல்லாத தொழில். தொண்டையை நம்ப முடியாது, அடுத்த வெள்ளிக்கிழமையை நம்ப முடியாது. செங்கலை நம்பலாம், வாடகை வரும். ஃப்ரீலான்ஸ் வேலை பார்க்கிற எவருக்கும் இந்தப் பயம் புரியும்.

முடிவு

1951 செப்டம்பர் 23. சின்னப்பாவுக்கு 35 வயது. சொந்த ஊரில், சொந்த வீட்டில் இருந்தார். என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'மணமகள்' படம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. நண்பர்களோடு அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிய இரவில், திடீரென உடல்நிலை மோசமாகி ரத்த வாந்தி எடுத்து இறந்தார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. அவர் நடித்த 'சுதர்சன்' அவர் இறந்த பிறகு திரைக்கு வந்தது.

அந்த நேரம் தமிழ் சினிமா திரும்பிக்கொண்டிருந்தது. பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டார்கள். ஹீரோ பாட வேண்டும் என்ற கட்டாயம் போய்க்கொண்டிருந்தது. 1952-ல் 'பராசக்தி'யோடு வசன யுகம் வந்தது. இன்னும் பத்து வருடம் இருந்திருந்தால், சண்டையும் நடிப்பும் தெரிந்த சின்னப்பா இந்த மாற்றத்தில் மூன்றாவது தடவையாகத் தன்னை மாற்றிக்கொண்டிருப்பாரா? அவருக்கு முன் அனுபவம் இருந்தது. காலம்தான் இல்லை.

அவர் விட்டுப்போனது எங்கே போனது?

1958-ல் சிவாஜி கணேசன் அதே 'உத்தம புத்திரன்' பெயரில் இரட்டை வேடத்தில் நடித்தார். அதே வருடம் எம்.ஜி.ஆர் 'நாடோடி மன்ன'னில் இரட்டை வேடம் போட்டார். ராஜாவும் ராஜா மாதிரியே இருக்கும் சாமானியனும் என்ற கதை. தமிழின் இரண்டு பெரிய நட்சத்திரங்களும் ஒரே வருடத்தில், சின்னப்பா பதினெட்டு வருடம் முன்பு போட்டுக் காட்டிய பாதையில் வந்து நின்றார்கள்.

இன்னொரு கிளை சேலத்தில் முளைத்தது. 'உத்தம புத்திரன்' எடுத்த அதே டி.ஆர்.சுந்தரம், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1945-ல் 'பர்மா ராணி' எடுத்தார். ஜப்பான் பிடித்துவைத்திருந்த பர்மாவில் நடக்கும் உளவுக் கதை. சுந்தரத்துக்குப் பிறகு அதே மாடர்ன் தியேட்டர்ஸில்தான் ஜெய்சங்கரின் 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) போன்ற படங்கள் வந்தன. ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டமும் வந்தது. அங்கிருந்து கமலின் 'விக்ரம்' (1986) வழியாக இன்றைய 'சர்தார்' வரை ஒரு கோடு போடலாம்.

கேலிக் கிளையும் காயவில்லை. சிறையிலிருந்து வந்த என்.எஸ்.கிருஷ்ணன் 'நல்லதம்பி' (1949) படத்தில், நந்தனார் சரித்திரக் காலட்சேபத்தின் பாணியிலேயே 'கிந்தனார்' காலட்சேபம் நடத்தினார். சிதம்பரம் போக ஏங்கிய நந்தனாருக்குப் பதிலாகப் படிக்க ஏங்கும் கிந்தன். வடிவத்தைப் பகடி செய்து விஷயத்தைச் சீரியஸாகச் சொன்ன படைப்பு. தமிழ் ஹீரோ சினிமாவின் எல்லா ஃபார்முலாக்களையும் போட்டுக் கலாய்த்த 'தமிழ்ப் படம்' (2010) வரை அந்த மரபு ஓடுகிறது. பார்க்கிறவர்களுக்கு அந்த ஃபார்முலா மனப்பாடமாக இருப்பதால்தான் அதைக் கலாய்த்ததும் சிரிப்பு வருகிறது. அந்த ஃபார்முலாவில் ஒரு பெரிய துண்டு, டபுள் ஆக்‌ஷன், சின்னப்பா போட்டது.

இப்போது ஏன் பேச வேண்டும்?

அந்தக் காலத்து ஃபிலிம் சீக்கிரம் கெட்டுப்போகும், எளிதில் தீப்பிடிக்கும் ரகம். 1930-களின் தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரதியே இல்லை. சின்னப்பாவின் தொடக்கக் காலத்து உழைப்பில் பெரும்பகுதி இப்படித்தான் போய்விட்டது. நமக்கு மிச்சம் இருப்பது சில படங்கள், இசைத்தட்டுப் பாடல்கள், பழைய பாட்டுப் புத்தகங்கள், அப்புறம் அந்த வீடு வாங்கிய கதை. ஒரு மனிதர் பல முகம் காட்டி உழைத்தார், ஊர் அவரை ஒரே ஒரு கதையில் சுருக்கி வைத்திருக்கிறது.

அடுத்த தடவை ஓ.டி.டி-யில் ஒரு ஸ்பை ஹீரோ முகமூடியைக் கழற்றும்போதோ, ஒரே ஃபிரேமில் ஒரே நடிகர் இரண்டு பேராக உட்கார்ந்து பேசும்போதோ, 'ஜகதலபிரதாபன்' கச்சேரிக் காட்சியைத் தேடி ஒரு தடவை பாருங்கள். கறுப்பு வெள்ளை, படம் கொஞ்சம் ஆடும், சத்தம் கரகரக்கும். ஆனால் அந்த ஐந்து பேரில் யாருடைய தாளமும் தப்பாது.